சூரியச் சுடர்களும் எக்ஸ் கதிர் வெடிப்புகளும்: சென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

"இன்று நள்ளிரவு முதல் விண்கதிர்கள் பூமியைத் தாக்கும், கைபேசியை அணைத்துத் தள்ளி வையுங்கள்" என்ற வாட்ஸ்அப் செய்தி அவ்வப்போது குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. சூரியனில் பெரிய வெடிப்பு என்று நாளிதழில் செய்தி வந்தால் போதும், அது மறுபடி உயிர்பெற்றுவிடும். கூடவே கேள்விகளும் வரும். இயற்பியல் மாணவர்கள், அமெச்சூர் வானொலிக்காரர்கள், மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள், சற்றே பயந்துபோன பெற்றோர் எனப் பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ் கதிரைப் பற்றியே பெரும்பாலான பதில்கள். பல குழப்பங்கள் அந்த எண்ணைத் தவறாகப் படிப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

சூரியச் சுடர் என்பது என்ன? அதில் எக்ஸ் கதிர் எப்படி வருகிறது?

சோலார் ஃபிளேர் என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதுவதைத்தான் இங்கே சூரியச் சுடர், சுருக்கமாகச் சுடர் என்கிறேன். சூரியப் புள்ளிகளுக்கு மேலே காந்தப்புலம் வளையம் வளையமாக எழும்பி நிற்கிறது. புள்ளிகள் நகர நகர அந்த வளையங்கள் முறுக்கேறுகின்றன. ஓர் எல்லைக்கு மேல் முறுக்கம் தாங்காமல் புலக்கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. இதைக் காந்த மறுஇணைப்பு என்பார்கள். முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெளியே கொட்டுகிறது. மிகப் பெரிய சுடர் ஒன்றின் ஆற்றல், உலகம் முழுவதும் ஓராண்டில் செலவழிக்கும் எரிசக்தியைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்.

அந்த ஆற்றலில் ஒரு பகுதியை எலக்ட்ரான்கள் வாங்கிக்கொண்டு, வளையத்தின் இரு கால்கள் வழியாகக் கீழே பாய்கின்றன. கீழே இருக்கும் அடர்ந்த வாயுவில் மோதி திடீரென வேகம் இழக்கும்போது வன் எக்ஸ் கதிர், அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர், பிறக்கிறது. மோதலில் சூடேறிய வாயு ஒன்றிரண்டு கோடி டிகிரி வரை கொதித்து மேலெழுந்து வளையத்தை நிரப்புகிறது. அந்தச் சூடான வாயு தன் வெப்பத்தாலேயே வெளியிடுவது ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர். சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பு வெறும் ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி செல்சியஸ்தான். அது எக்ஸ் கதிர் வெளியிடும் அளவுக்குச் சூடில்லை. எக்ஸ் கதிரில் பார்த்தால் சுடர் தனித்துத் தெரிவதற்கு இதுவே காரணம்.

அந்த எக்ஸ் கதிர் சென்னைத் தரையை எட்டுமா?

எட்டாது. தரையிலிருந்து பல பத்து கி.மீ. உயரத்திலேயே காற்று அதை உறிஞ்சிவிடுகிறது. மெரினா மணலில் நின்றாலும் கொடைக்கானல் மலையில் நின்றாலும் இதில் வேறுபாடு இல்லை.

தரைக்கே வராத ஒன்றை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1859 செப்டம்பர் 1 அன்று, இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது ஒரு புள்ளிக் கூட்டத்தின் மேல் வெண்மையான ஒளி பளிச்சிட்டதைக் கண்டார். ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரும் வேறோர் இடத்திலிருந்து அதையே பார்த்தார். அதே நேரத்தில் லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தின் காந்தமானி ஊசி சற்றே துள்ளியது. எக்ஸ் கதிர் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ரான்ட்ஜன் அதைக் கண்டறிய இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன. ஆனால் அந்தத் துள்ளலுக்குக் காரணம், சுடரின் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் மேல் வளிமண்டலத்தை அயனியாக்கி அங்கே ஓடும் மின்னோட்டத்தை மாற்றியதுதான் என்று இன்று அறிவோம். காரணத்தை அறியாமலே பதிவு செய்துவிட்டார்கள் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம் உண்டு.

நேரடியாக அளக்க ராக்கெட் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ராக்கெட்டுகளில் அமெரிக்கர்கள் கருவிகளை ஏற்றி அனுப்பினார்கள். 1949இல் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் குழுவின் கருவி சூரிய எக்ஸ் கதிரைத் தெளிவாக அளந்தது. ஆனால் ராக்கெட் மேலே இருப்பது சில நிமிடங்கள்தான், சுடரோ எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. 1960 ஜூன் 22 அன்று ஏவப்பட்ட சோல்ராட் 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்தக் காவலை ஏற்றுக்கொண்டன. 1970களிலிருந்து கோஸ் என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் வரிசை அதைத் தொடர்கிறது. முப்பத்தாறாயிரம் கி.மீ. உயரத்தில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருக்கும் இவைதான், செய்திகளில் வரும் சி, எம், எக்ஸ் வகைகளுக்கான எண்ணைத் தருகின்றன.

எம் 5, எக்ஸ் 2 என்றெல்லாம் சொல்கிறார்களே, அதன் பொருள் என்ன?

0.1 முதல் 0.8 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், பூமிக்கருகே ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு எக்ஸ் கதிர் விழுகிறது என்பதே அளவு. எக்ஸ் 1 என்றால் ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எம் 1 அதில் பத்தில் ஒன்று, சி 1 அதிலும் பத்தில் ஒன்று. அதற்குக் கீழே பி, ஏ. ஆக, எழுத்து மாறினால் பத்து மடங்கு, எண் மாறினால் நேர்க்கணக்கு. எம் 9 சுடருக்கும் எக்ஸ் 1 சுடருக்கும் எழுத்து வேறாக இருந்தாலும் அளவில் பெரிய இடைவெளி இல்லை. எக்ஸ் 1க்கும் எக்ஸ் 9க்கும் ஒரே எழுத்து, ஆனால் ஒன்பது மடங்கு வித்தியாசம். எக்ஸுக்கு மேல் வேறு எழுத்து கிடையாது. எக்ஸ் 10, எக்ஸ் 20 என்று எண் ஏறிக்கொண்டே போகும்.

எக்ஸ் வகை என்பதில் வரும் எக்ஸுக்கும் எக்ஸ் கதிருக்கும் சம்பந்தமில்லை. சி வகைச் சுடரும் எக்ஸ் கதிரில் அளந்ததே.

இப்படி மடங்குக் கணக்கில் படிகளை அமைப்பதில் சென்னைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. விண்மீன்களின் ஒளி அளவில் ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்று 1856இல் வரையறுத்த நார்மன் போக்சன், 1861இல் மதராஸ் வான் ஆய்வகத்தின் பொறுப்பேற்று நுங்கம்பாக்கத்துக்கு வந்தார். அந்த ஆண்டே இங்கிருந்து ஆசியா என்ற சிறுகோளையும் கண்டுபிடித்தார். 1792இல் எழுந்த அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். 1899இல் ஆய்வகப் பணி கொடைக்கானலுக்கு மாறியது. இந்தியாவின் சூரிய ஆய்வு அங்கிருந்துதான் வளர்ந்தது.

வகை என்பது உச்சத்தை மட்டும் சொல்வது என்பதையும் கவனிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எழுந்து அடங்கிய எக்ஸ் 1 சுடரும், மூன்று மணி நேரம் நின்றெரிந்த எக்ஸ் 1 சுடரும் பட்டியலில் ஒன்றுதான். கொட்டிய மொத்த ஆற்றலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. "சுடர் முடிந்த நேரம்" என்று பட்டியலில் இருப்பதும், அளவு பாதியாக இறங்கிய நேரம் என்ற ஒரு மரபே தவிர, சூரியன் அப்போது ஓய்ந்துவிட்டது என்று பொருளல்ல.

2024 அக்டோபரில் எக்ஸ் 9.0, 2017 செப்டம்பரில் எக்ஸ் 9.3. இரண்டும் கிட்டத்தட்ட சமம்தானே?

இல்லை. இந்தத் தவறு நல்ல நாளிதழ்களிலேயே வருகிறது.

பழைய கோஸ் செயற்கைக்கோள்களின் அளவை, அவற்றுக்கும் முந்தைய கருவிகளோடு ஒத்துப்போகச் செய்வதற்காக 0.7 ஆல் பெருக்கி வெளியிட்டு வந்தார்கள். கோஸ் 16 வந்த பிறகு அந்தத் திருத்தம் தேவையில்லை, உண்மையான அளவையே வெளியிடலாம் என்று முடிவாயிற்று. அதனால் பழைய எண்ணை 0.7 ஆல் வகுத்த பிறகே புதியதோடு ஒப்பிட வேண்டும். 2017இன் எக்ஸ் 9.3 இன்றைய கணக்கில் எக்ஸ் 13.3. அதன் பக்கத்தில் 2024இன் எக்ஸ் 9.0 தெளிவாகச் சிறியது.

2003 நவம்பர் 4 சுடருக்கு இன்னொரு சிக்கல். கருவி அளக்கக்கூடிய எல்லையையே அது தாண்டிவிட்டது. வரைபடத்தின் உச்சி பதினோரு நிமிடம் போலத் தட்டையாக நின்றது. எக்ஸ் 28 என்பது பிறகு மதிப்பிட்டுச் சொன்ன எண்.

மென் எக்ஸ் கதிர், வன் எக்ஸ் கதிர் இரண்டையும் ஏன் தனித்தனியாக அளக்கிறார்கள்?

இரண்டும் சுடரின் இரு வேறு கட்டங்களைக் காட்டுகின்றன. வன் எக்ஸ் கதிர் முதலில், கூர் கூராக, சில நொடிகளுக்குள் ஏறி இறங்கும். மென் எக்ஸ் கதிர் நிதானமாக ஏறி, இன்னும் நிதானமாக வடியும்.

தண்ணீர் லாரிக் குழாயின் கீழ் வைத்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்பது வன் எக்ஸ் கதிர். குடத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மென் எக்ஸ் கதிர். குழாயை மூடிய நொடியில் குடம் உச்சத்தில் இருக்கும். இந்த உறவை வெர்னர் நியூபர்ட் 1968இல் சுட்டிக்காட்டினார். மென் எக்ஸ் கதிர் ஏறும் வேகத்தை மட்டும் தனியே வரைந்தால், அது வன் எக்ஸ் கதிர் வரைபடத்தைப் போலவே இருக்கும். எல்லாச் சுடரும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. குடம் ஒழுகுவது போல வாயு குளிர்ந்துகொண்டும் இருக்கும், எலக்ட்ரான் பாய்ச்சல் இல்லாத வேறு வழியிலும் சூடு சேரும். ஆனால் பெரும்பாலான சுடர்களில் பொருந்துகிறது. எலக்ட்ரான்களின் மோதலே வாயுவைச் சூடாக்குகிறது என்ற எண்ணத்துக்கு இது வலுவான சான்று.

கோஸ் காட்டுவது குடத்தை. குழாயைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும்.

ஆதித்யா எல் 1இல் அந்தக் கருவி இருக்கிறதா?

இருக்கிறது. 2023 செப்டம்பர் 2 முற்பகல் 11.50 மணிக்கு, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டியிருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி 57 ராக்கெட் இஸ்ரோவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யாவைக் கொண்டுபோனது. 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள எல் 1 புள்ளியைச் சுற்றும் பாதையில் நிலைகொண்டது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதைத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அப்போது பெருமையோடு எழுதின.

ஏழு கருவிகளில் இரண்டு எக்ஸ் கதிருக்கானவை. இரண்டும் பெங்களூரில் உள்ள யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவானவை. சோலெக்ஸ் மென் எக்ஸ் கதிரை அளக்கிறது. அதில் சிறியதும் பெரியதுமாக இரண்டு திறப்புகள். அமைதியான சூரியனுக்குப் பெரியது, பெருஞ்சுடர் வெடித்து வெள்ளமாக ஒளி வரும்போது சிறியது. 2003இல் கோஸ் திணறியது போலத் திணறாமலிருக்க இந்த ஏற்பாடு. ஹீலியோஸ் என்ற மற்றக் கருவி 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை வன் எக்ஸ் கதிரை அளக்கிறது. எல் 1க்குப் போகும் வழியிலேயே, 2023 அக்டோபர் 29 அன்று, ஒரு சுடரின் தொடக்க வெடிப்பை அது பதிவு செய்துவிட்டது.

அந்த இடத்தின் பெரிய வசதி, சூரியன் ஒருபோதும் மறைவதில்லை என்பது. இன்னொன்றும் உண்டு. பெரிய பயன் இல்லாவிட்டாலும் சொல்லத் தோன்றுகிறது. சுடரின் ஒளி நம்மை அடைய எட்டேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆதித்யா நமக்கு ஐந்து நொடி முன்பே அதைப் பார்த்துவிடும்.

இதற்கு முன் இந்தியா இதை அளந்ததில்லையா?

அளந்திருக்கிறது. 2003 மே 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஜிசாட் 2, ஒரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள். அதில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சாக்ஸ் என்ற சூரிய எக்ஸ் கதிர்க் கருவியும் பயணித்தது. பலருக்கு இது தெரியாது.

சந்திரயான் 2 பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. 2019இல் அதன் தரையிறங்கி விழுந்ததையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சுற்றுகலம் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலும் அகமதாபாத் ஆய்வகம் செய்த சூரிய எக்ஸ் கதிர் அளவி இருக்கிறது. 2019-20இல் சூரியன் மிகவும் அடங்கிக் கிடந்த காலத்தில், ஏ வகைக்கும் கீழான, கோஸ் கண்ணுக்கே படாத நுண்சுடர்களை அது பிடித்தது. அவற்றில் நூறை ஒட்டிய எண்ணிக்கை சூரியப் புள்ளிகளே இல்லாத அமைதியான பகுதிகளில் வெடித்தவை. புள்ளிகள் இருக்கும் இடத்தில்தான் சுடர் வரும் என்று பாடநூல் சொல்வதற்கு இது நல்ல திருத்தம்.

அந்த அளவி அங்கே இருப்பதற்கு முதற்காரணம் வேறு. சூரிய எக்ஸ் கதிர் நிலவின் தரையில் படும்போது மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் போன்ற தனிமங்கள் தத்தமக்குரிய எக்ஸ் கதிரைத் திருப்பி வீசுகின்றன. கிளாஸ் என்ற கருவி அதைக் கொண்டு நிலவின் தனிமப் படம் வரைகிறது. வந்து படும் ஒளி எவ்வளவு என்று தெரியாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. கால்சியம் போன்ற கனமான தனிமங்களைக் காணச் சூரியனில் சுடர் வெடித்தாக வேண்டும். நிலவை ஆராய்பவர்கள் சூரியன் சீறட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

எக்ஸ் கதிரில் சூரியனைப் படம் எடுக்க முடியுமா? செய்தியில் வரும் நீலப் பச்சைப் படங்கள் அவைதானா?

அந்த நீலப் பச்சைப் படங்கள் எக்ஸ் கதிர்ப் படங்கள் அல்ல. 2010இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எஸ்.டி.ஓ. கலம் மிகைப் புற ஊதாவில் எடுத்தவை. நிறம் பிறகு பூசியது, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒரு நிறம்.

மென் எக்ஸ் கதிரில் படம் எடுக்கலாம். ஜப்பானின் செயற்கைக்கோள்களான யோக்கோவும் ஹினோடேவும் எடுத்திருக்கின்றன. வன் எக்ஸ் கதிரை ஆடியால் வளைப்பது கடினம். அதனால் நுண்ணிய கம்பித்தடுப்புகள் வழியாக ஒளியை விட்டு, விழும் நிழல் மாறுவதிலிருந்து படத்தைக் கணக்கிட்டு மீட்கிறார்கள். 2002இல் போன அமெரிக்காவின் ரெஸ்ஸி கலம் இதற்காகவே நிமிடத்துக்குப் பதினைந்து முறை போலச் சுழன்றது. 2018 வரை உழைத்தது, 2023இல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. இப்போது அந்த வேலையைச் செய்வது ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டரில் உள்ள ஸ்டிக்ஸ். அந்தக் கலம் சில சமயம் சூரியனின் மறுபக்கத்துக்குப் போய்விடும். பூமிக்குத் தெரியாத பெருஞ்சுடர்களை அப்போது அது பார்க்கிறது. கோஸ் பட்டியலில் அவை இருக்கவே இருக்காது.

1992 ஜனவரி 13 அன்று யோக்கோ எடுத்த ஒரு வன் எக்ஸ் கதிர்ப் படம் துறையையே திருப்பியது. வளையத்தின் இரு கால்களில் ஒளி தெரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வளையத்தின் தலைக்கு மேலும் ஓர் ஒளிப்புள்ளி இருந்தது. மறுஇணைப்பு அங்கே மேலேதான் நடக்கிறது என்பதற்கு அது முதல் நேரடித் தடயம்.

பெரிய சுடர் என்றால் பெரிய சூரியப் புயல் வரும், அப்படித்தானே?

அப்படியில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படியுங்கள்.

சூரியன் சீறும்போது மூன்று விதமானவை வரலாம். எக்ஸ் கதிர் ஒளி வேகத்தில் வரும். வேகமான புரோட்டான்கள் சில பத்து நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து காந்தப்புலத்தோடு பிய்த்தெறியப்படும் பெரும் வாயுமேகம், சி.எம்.இ. எனப்படுவது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும். மின்கட்டமைப்பை உலுக்குவதும் துருவ ஒளியைத் தெற்கே இழுத்து வருவதும் மூன்றாவதுதான். சுடரும் மேகமும் பல சமயம் சேர்ந்து வருகின்றன, ஆனால் சேர்ந்தே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2014 அக்டோபரில் 12192 என்று எண்ணிடப்பட்ட பிரம்மாண்டமான புள்ளிக்கூட்டம் பூமியைப் பார்த்தபடியே ஆறு எக்ஸ் வகைச் சுடர்களை வெடித்தது. சொல்லும்படியான மேகம் ஒன்றுகூடப் புறப்படவில்லை, புயலும் இல்லை. 2024 மே மாதம் இதற்கு நேர்மாறு. 13664 என்ற கூட்டத்திலிருந்து மே 8, 9 தேதிகளில் எக்ஸ் 1, எக்ஸ் 2 என்று நடுத்தரமான சுடர்களோடு கிளம்பிய மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதி, மே 10, 11இல் இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயலை உண்டாக்கின. லடாக்கின் ஹான்லேயில் உள்ள வான்நோக்குக் கேமராக்களில் செந்நிறத் துருவ ஒளி பதிவாயிற்று. அதே கூட்டம் தன் மிகப் பெரிய சுடரான எக்ஸ் 8.7ஐ வெடித்தது மே 14 அன்று. அப்போது அது சூரிய விளிம்புக்குப் போய்விட்டது. பெரிய புயல் எதுவும் வரவில்லை.

எக்ஸ் கதிர் எண் சூரியனில் நடந்ததைச் சொல்கிறது. பூமிக்கு என்ன வரும் என்பதற்கு மேகம் எந்தத் திசையில் கிளம்பியது, எவ்வளவு வேகம், அதன் காந்தப்புலம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பவை தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்னது எல் 1ஐ அந்த மேகம் கடக்கும்போதுதான் உறுதியாகும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவகாசம் இருந்தால் அதிகம்.

சரி, எக்ஸ் கதிர் மட்டும் வந்தால் சென்னையில் ஒன்றுமே நடக்காதா?

சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி பாதிக்கப்படும். தரைக்கு மேலே 60 முதல் 90 கி.மீ. வரை, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற மேல் காற்றுப் பகுதியான அயனி மண்டலத்தின் டி அடுக்கு இருக்கிறது. சுடரின் எக்ஸ் கதிர் அங்கே எலக்ட்ரான்களைப் பெருக்கும். மேலே போய்த் திரும்ப வேண்டிய சிற்றலையை அந்த அடுக்கு விழுங்கிவிடும். எக்ஸ் 1 அளவில் இது ஒரு மணி நேரம் வரை நீடிக்கலாம். பகலாக இருக்கும் பாதி உலகுக்கு மட்டுமே இந்தப் பாதிப்பு. அதிலும் சூரியன் உச்சியில் இருக்கும் இடத்தில்தான் அதிகம்.

ஆகவே வகையைவிட நமக்கு முக்கியம் கடிகாரம். மேலே சொன்ன மே 14 எக்ஸ் 8.7 சுடரின் உச்சம் இந்திய நேரம் இரவு 10.21. சென்னைக்கு எதுவும் இல்லை. 2024 அக்டோபர் 3இன் எக்ஸ் 9.0 உச்சம் தொட்டது மாலை 5.48க்கு. சூரியன் அஸ்தமிக்கும் தறுவாய், பாதிப்பு சொற்பம். 2024 மே 10 அன்று வெடித்தது எக்ஸ் 4ஐக்கூட எட்டவில்லை. ஆனால் அதன் உச்சம் பிற்பகல் 12.24. அக்னி நட்சத்திரக் காலம், சூரியன் கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேர் மேலே. மூன்றில் சென்னைச் சிற்றலைக்காரர்களுக்குப் பொருட்படுத்த வேண்டியது அதுதான்.

கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட விமானங்களும் கப்பல்களும் சிற்றலையை நம்பும்போது இது விளையாட்டல்ல. 2017 செப்டம்பர் 6 பெருஞ்சுடர் வெடித்தபோது கரீபியன் தீவுகளை இர்மா சூறாவளி அடித்துக்கொண்டிருந்தது. அவசர உதவிக்கான சிற்றலைத் தொடர்பு அந்த நேரத்தில் அங்கே அறுந்தது. காசிமேட்டு விசைப்படகுகளில் உள்ள வி.எச்.எஃப். கருவிகள் நேர்க்கோட்டில் பேசுபவை, அயனி மண்டலத்தை நம்புவதில்லை.

சுடர் வெடித்த நாளில் வெயில் அதிகமாகுமா?

ஆகாது. பூமிக்கருகே சூரிய ஒளியின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 1,361 வாட். எக்ஸ் 1 சுடரின் எக்ஸ் கதிர் அதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துக்கொண்டாலும், 2003 அக்டோபர் 28இன் மாபெரும் சுடர் மொத்த ஒளியைப் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவுக்குக்கூட உயர்த்தவில்லை. மே மாத வெயிலுக்குச் சூரியனின் உயரத்தையும் கடற்காற்று தாமதமாவதையும் குறை சொல்லுங்கள்.

மார்ச் மாதம் சில நாள் ஒரே நேரத்தில் டி.வி. சிக்னல் போகிறது. சூரியச் சுடரா?

அல்ல. செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்பதால், வீட்டு டிஷ்ஷில் சூரியனின் வானொலி இரைச்சல் விழுகிறது. சென்னையில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், தினமும் சில நிமிடம் நடக்கும். நாள்காட்டி போட்டுச் சொல்லிவிடலாம்.

குழந்தைகளோடு விமானத்தில் போகிறோம். சுடரின் எக்ஸ் கதிர் ஆபத்தா?

விமானம் பறப்பது பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில். எக்ஸ் கதிர் அதற்கு வெகு மேலேயே தீர்ந்துவிடுகிறது. விமானத்தில் கவலைப்பட வேண்டியது புரோட்டான்களைப் பற்றி, அதுவும் துருவத்தை ஒட்டிய தடங்களில். சென்னை புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் காந்தப்புலமே அவற்றை நன்றாகத் தடுக்கிறது. தைரியமாகப் போய் வாருங்கள்.

சுடர் வெடிப்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

அடுத்த 24 மணி நேரத்தில் எக்ஸ் வகைச் சுடருக்கு இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று சொல்வார்கள். அதற்கு மேல் முடியாது. இத்தனை மணிக்கு வெடிக்கும் என்று யாராவது சொன்னால் அது வானியல் அல்ல.

எக்ஸ் கதிர் வரைபடத்தை நானே பார்க்கலாமா?

பார்க்கலாம், இலவசம். அமெரிக்க விண்வானிலை மையத்தின் தளத்தில் கோஸ் வரைபடம் நிமிடத்துக்கு நிமிடம் புதுப்பிக்கப்படுகிறது. ஆதித்யாவின் தரவுகளை இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வரைபட நேரம் உலகப் பொது நேரம், ஐந்தரை மணியைக் கூட்டினால்தான் நம் நேரம். அடுத்தது, மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில வாரங்கள் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் தினமும் பூமியின் நிழலுக்குள் போகும். அமெரிக்கக் கிழக்குக் கரைப் பக்கம் நிற்கும் கோஸுக்கு அது நம் நேரம் காலை பத்தரையை ஒட்டி நடக்கும். கோடு செங்குத்தாக விழுந்து ஒரு மணி நேரம் போலக் காணாமல் போகும். சூரியன் அணைந்துவிட்டது என்று இதை வைத்து ஒரு காணொளியே வெளியிடத் துணிபவர்கள் இருக்கிறார்கள்.

தொலைநோக்கியில் சுடரைக் காண முடியுமா?

தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனைத் தொலைநோக்கியில் பார்த்தால் பார்வை போய்விடும். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. வெண்ணொளி வடிகட்டி பொருத்தினால் புள்ளிகள் தெரியும், சுடர் தெரிவது மிக அரிது. ஹைட்ரஜன் வெளியிடும் குறிப்பிட்ட சிவப்பு ஒளியான ஹைட்ரஜன் ஆல்ஃபாவை மட்டும் விடும் தொலைநோக்கியில் தெரியும், ஆனால் விலை அதிகம். வாங்குவதற்கு முன், வைத்திருக்கும் யாரிடமாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டிலிருந்தே சுடரை "அளக்க" வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நம் மாநிலத்தின் தயவில். திருநெல்வேலிக்குத் தெற்கே விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படை நிலையம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக 18.2 கிலோஹெர்ட்ஸில் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலையை அனுப்புகிறது. அயனி மண்டல ஆய்வாளர்கள் அதன் செய்தியைத் தொடாமல், அலையின் வலிமையை மட்டும் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வரும் இன்னொரு கடற்படை அலையும் ஐயாயிரம் கி.மீ. கடந்து இங்கே கேட்கும்.

சட்டத்தில் சுற்றிய செம்புக்கம்பி ஆன்டெனா, சிறிய பெருக்கி, நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கணினி ஒலி அட்டை ஆகியவை போதும். பகலில் சுடர் வெடித்து டி அடுக்கு மாறும்போது அலையின் வலிமை சட்டென ஏறும் அல்லது இறங்கும். எந்தப் பக்கம் என்பது பாதையைப் பொறுத்தது. பிறகு மெல்லப் பழைய நிலைக்கு வரும். எம் வகைச் சுடர்கள் நன்றாகத் தெரியும். சூரிய உதயமும் மறைவும் தினமும் பெரிய வளைவுகளை வரையும், அவற்றைச் சுடர் என்று எண்ணிவிடக் கூடாது. நிலையம் ஒலிபரப்பை நிறுத்தும் நேரங்களும் உண்டு, அப்போது கோடு ஒரேயடியாக விழும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரிய தொல்லை எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சல். ஆன்டெனாவை மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பொருத்தி வைத்தால்தான் கோஸ் வரைபடத்தோடு ஒப்பிட முடியும். உங்கள் கோடு கோஸின் உச்சத்துக்கு ஓரிரு நிமிடம் பின்தங்கினால் அது கருவிக் கோளாறு அல்ல. டி அடுக்கு எதிர்வினை காட்டவும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது.